அழுகுரலும் ஆர்ப்பரிப்பும்

பாபிலோனிய அடிமைத்தனத்தினின்று மீண்டு வந்த யூத மக்கள், எருசலேமில் இடிந்து கிடந்த ஆலயத்திற்கு மீண்டும் அடித்தளமிட்ட நாளை எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரம் விவரிக்கிறது. குருக்கள் எக்காளம் ஊதுகின்றனர். லேவியர் கைத்தாளம் கொட்டுகின்றனர். மக்கள் மகிழ்ச்சியால் ஆர்ப்பரிக்கின்றனர். அக்கூட்டத்தில், சாலமோன் கட்டிய முதல் ஆலயத்தைத் தம் கண்களாலேயே கண்டிருந்த முதியோரும் நின்றனர். புதிய அடித்தளத்தைக் கண்டதும் அவர்கள் வாய்விட்டு அழுதனர். ஆர்ப்பரிப்பு எது, அழுகுரல் எது என்று எவராலும் பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் கலந்து நெடுந்தொலைவு வரை கேட்டதாம்.

அம்முதியோரின் கண்ணீர் நியாயமானதா? அல்லது இளையோரின் ஆர்ப்பரிப்புதான் நியாயமானதா? அண்மையில் இவ்வினாவை நெடுநேரம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. எண்ணத் தூண்டியது மறைநூல் விளக்கவுரை எதுவுமன்று. அயர்லாந்து நாட்டு ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றி அதன் இரசிகர்கள் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு வழக்கே நம்மை இங்குக் கொண்டுவந்து நிறுத்தியது. 'இவர்களுடைய பிற்கால இசை முன்போல் இல்லை. சரிந்துவிட்டது' என்பர் ஒரு சாரார். 'சரிந்தது இசையன்று, உங்கள் செவியே' என்பர் மறு சாரார். பொழுதுபோக்கு உலகத்தின் இச்சிறு பூசலில் ஆழ்ந்த அறநெறி வினா ஒன்று மறைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

'யூ டூ' என்பது அக்குழுவின் பெயர். அறியாத வாசகர்க்காகச் சில செய்திகள். 1976ஆம் ஆண்டு டப்ளின் நகரின் மவுண்ட் டெம்பிள் பள்ளியில் லாரி மல்லன் என்னும் 14 வயது மாணவன், இசைக்குழு தொடங்க விரும்புவோரை அழைத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினான். அதைக் கண்டு வந்தோருள் மூவர் நிலைத்து நின்றனர். போனோ என வழங்கப்படும் பால் ஹியூசன் பாடகர். எட்ஜ் என வழங்கப்படும் டேவிட் எவன்ஸ் கித்தார் இசைப்பவர். ஆடம் கிளேட்டன் பாஸ் கித்தார் இசைப்பவர். மல்லன் டிரம்ஸ் வாசிப்பவர். இந்நால்வரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிரியாமல் இணைந்திருந்தது இசையுலகில் அரிதினும் அரிது.

போனோவின் தந்தை கத்தோலிக்கர். தாய் சீர்திருத்த சபையினர். இவ்விரு சபைகளின் பெயரால் குருதி சிந்திய நாட்டில் அக்காலத்தில் இஃது எளிய செய்தியன்று. 1974இல், 14 வயதில், அவர் தாயை இழந்தார். தொடக்க ஆண்டுகளில் குழுவினருள் மூவர் ஒரு கிறிஸ்தவ செபக்குழுவில் தீவிரமாக ஈடுபட்டு, இறைவனுக்கு ஊழியம் செய்வதும் ராக் இசை பாடுவதும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று கலங்கி, இசையைக் கைவிடும் நிலைக்கே வந்தனர். 1983இல் வெளியான 'வார்' என்னும் தொகுப்பின் இறுதிப் பாடல் நாற்பதாம் திருப்பாடலைத் தழுவியது. நிகழ்ச்சியின் முடிவில் அதைப் பாடிவிட்டு அவர்கள் மேடையைவிட்டு இறங்கிய பின்னும் மக்கள் அதன் பல்லவியைப் பாடிக்கொண்டே கலைவது பல்லாண்டு வழக்கமாக இருந்தது. 1987இல் வந்த 'ஜோஷுவா ட்ரீ' அவர்களை உலகறியச் செய்தது. மறு ஆண்டில் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

இவ்வழக்கில் நாம் நடுநிலையாளர் அல்லோம் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் தோழர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்புகையில் 'ஜோஷுவா ட்ரீ' ஒலிநாடாவைக் கொண்டுவந்தார். இரவு உணவுக்குப் பின் கிடைத்த சிறு ஓய்வில் நாடா தேயும் வரை அதைக் கேட்டோம். ஆங்கிலச் சொற்கள் பாதி விளங்கவில்லை. ஆயினும் தேடிக்கொண்டிருக்கும் ஓர் உள்ளத்தின் குரல் அதில் இருந்தது மட்டும் நன்கு விளங்கிற்று. அந்த வயதில் நமது உள்ளமும் தேடிக்கொண்டுதான் இருந்தது. பின்னாளில் அவர்களின் புதிய தொகுப்புகள் வந்தபோது ஒருமுறை கேட்டுவிட்டு, 'முன்போல் இல்லை' என்று சொல்லி எடுத்துவைத்தவர்களுள் நாமும் ஒருவரே. எனவே, அழும் முதியோர் வரிசையில் நின்றுகொண்டே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். 'இசை அவரவர் சுவையைப் பொறுத்தது. இதில் வாதிட என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கக்கூடும். வெறும் சுவை மட்டுமே என்றால் வாதமே எழாது. ஒருவர்க்குப் புளிப்பும் மற்றொருவர்க்கு இனிப்பும் பிடித்திருந்தால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதில்லை. கலையைப் பற்றி மனிதர் வழக்காடுகின்றனர் என்றால், தாம் காண்பதை மற்றவரும் காண முடியும் என்று நம்புவதாலேயே வழக்காடுகின்றனர். புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், மூவொரு இறைவனைப் பற்றி ஆராயுமிடத்து, அழகுக்கு மூன்று கூறுகள் வேண்டும் என்கிறார். அவை நிறைவு, இசைவு, ஒளிர்வு. அழகு காண்பவனின் கண்ணில் மட்டும் இல்லை. காணப்படும் பொருளிலும் இருக்கிறது என்பது இதன் உட்பொருள். ஆகவே ஒரு கலைஞனின் பிற்காலப் படைப்பு தாழ்ந்தது என்று சொல்வது பொருளற்ற பேச்சாகாது. அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

உண்மையாக இருந்ததற்கு இக்குழுவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1997இல் 'பாப்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். தொகுப்பு முடியும் முன்பே உலகச் சுற்றுப்பயணத்துக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. நாள் நெருங்கவே, பாடல்களை முழுமையாகச் செதுக்காமல் வெளியிட வேண்டியதாயிற்று. பின்னர் அவர்களே இக்குறையை ஒப்புக்கொண்டனர். 2002இல் வந்த தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்புக்காக அவற்றுள் சிலவற்றைத் திருத்தியும் அமைத்தனர். தோமாவின் மூன்று கூறுகளுள் முதலாவதாகிய நிறைவு அங்கே இல்லை. அதை அன்றே சுட்டிக்காட்டிய இரசிகர், நன்றி மறந்தவர் ஆகார். குறையைக் குறை என்று சொல்வது அன்புக்கு எதிரானதன்று. நண்பனின் முகத்தில் கரி படிந்திருக்கக் கண்டும் பேசாதிருப்பவன் எப்படி நண்பனாவான்?

ஆயினும், தீர்ப்பிடும் உரிமை உண்டு என்பதால் நாம் இடும் தீர்ப்பெல்லாம் நேர்மையானது என்று ஆகிவிடாது. 'முன்போல் இல்லை' என்று சொல்லும்போது நாம் எவற்றை ஒப்பிடுகிறோம் என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பதினோராம் பகுதியில் காலத்தைப் பற்றிச் சிந்திக்கையில், தமக்குத் தெரிந்த ஒரு திருப்பாடலைப் பாடுவதை எடுத்துக்காட்டாக வைக்கிறார். பாடத் தொடங்கும் முன் உள்ளம் முழுப் பாடலையும் எதிர்நோக்கி நிற்கிறது. பாடப்பாட எதிர்நோக்கு குறைந்து நினைவு பெருகுகிறது. முடிகையில் அனைத்தும் நினைவாகிவிடுகிறது. இதை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாகக் கேட்ட பாடலை நாம் மீண்டும் கேட்கும்போது பாடல் மட்டும் ஒலிப்பதில்லை. அதை முதலில் கேட்ட அறை, உடனிருந்த தோழன், அன்றைய பசி, அன்றைய கனவு அனைத்தும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நேற்று வந்த பாடலுக்கோ நம் உள்ளத்தில் அத்தகைய கடந்தகாலம் எதுவும் இல்லை. வேரூன்றி நிழல் தரும் மரத்தையும் நேற்று முளைத்த கன்றையும் அருகருகே நிறுத்தி, கன்றில் நிழல் இல்லையே என்று குறை கூறுவது முறையாகுமா?

காலம் ஒரு சல்லடை என்பதும் நினைவில் நிற்க வேண்டும். இளமையில் கேட்டவற்றுள் உமி பறந்துபோய் மணி மட்டும் எஞ்சியிருக்கிறது. யூ டூ குழுவின் பழைய நாள்களை வியப்போர் 1987ஐ நினைவுகூர்வர். ஆனால் அவ்வெற்றிக்கு மறு ஆண்டில், 1988இல் வந்த 'ரேட்டில் அண்ட் ஹம்' தொகுப்பையும் அதே பெயரிலான திரைப்படத்தையும் திறனாய்வாளர் பலர் தற்பெருமை மிக்கவை என்று கடிந்தனர். நாம் அதை மறந்துவிட்டோம். பழையவற்றுள் சிறந்ததை மட்டும் எடுத்து, புதியவற்றின் முழுமையோடு நிறுவை இடுகிறோம். நீதிமொழிகள் நூல் கள்ளத்தராசைக் கடவுள் வெறுக்கிறார் என்று சொல்வது கடைவீதித் தராசுக்கு மட்டுமே உரியதா?

நாம் கேட்கும் விதமும் மாறிவிட்டது. 18 வயதில் ஒலிநாடா ஒன்றுதான் இருந்தது. அதையே நூறு முறை கேட்டோம். இன்று ஆயிரம் பாடல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. ஒன்றை ஒரு முறை, அதுவும் வேறு வேலையாய் இருந்துகொண்டே, கேட்கிறோம். நூறு முறை கேட்டதற்கும் ஒரு முறை கேட்டதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டைப் பாடியவன் தலையில் சுமத்துகிறோம்.

ஆண்டவர் இம்மனித இயல்பை நன்கறிந்தவர். புதிய இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றி வைப்பதில்லை என்று சொன்ன இடத்தில், லூக்கா நற்செய்தியாளர் மட்டும் கூடுதலாக ஒரு சொல்லைப் பதிவு செய்திருக்கிறார் (5:39). பழைய திராட்சை இரசத்தைக் குடித்துப் பழகியவர் புதியதை விரும்பமாட்டார். பழையதே நல்லது என்பார் என்பது அதன் கருத்து. மறையுரைகளில் நாம் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் வரி அது. ஆண்டவர் அவ்வாறு சொல்பவரைச் சபிக்கவில்லை. மனிதர் இப்படித்தான் இருப்பர் என்று எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அவ்வாறே இருந்துவிடுவோர் புதிய இரசத்தை இழப்பர் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அப்படி இழந்தோர் பலர். 1989ஆம் ஆண்டின் இறுதியில் டப்ளின் மேடையில் நின்று போனோ, தங்கள் பயணத்தில் ஒரு கட்டம் முடிகிறது என்றும், விலகிச் சென்று எல்லாவற்றையும் மீண்டும் புதிதாய்க் கனவு காண வேண்டும் என்றும் அறிவித்தார். 1990 அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒன்றிணைந்த நாள்களில் பெர்லின் நகருக்குச் சென்று புதிய தொகுப்பைத் தொடங்கினர். மதில் இடிந்து ஒரு நாடு ஒன்றான வேளையில், நான்கு நண்பர்கள் தங்களுக்குள் ஒன்றாயிருக்க இயலாமல் தவித்தனர். இருவர் புதிய ஒலியை நாட, இருவர் பழைய வழியை நாட, குழு உடையும் நிலைக்கு வந்தது. அந்தப் பிணக்கின் நடுவே எதிர்பாராமல் பிறந்ததுதான் 'ஒன்' என்னும் பாடல். வேறுபட்டவர் ஒருவரையொருவர் சுமந்தே ஆக வேண்டும் என்னும் கருத்துடைய அப்பாடலே அவர்களை மீண்டும் இணைத்தது. 1991இல் 'அக்டுங் பேபி' வெளியாயிற்று. பழைய நேர்முகமான தீவிரத்தை எதிர்பார்த்தோர் அதில் கிறீச்சிடும் ஒலிகளையும் எள்ளலையும் கறுப்புக் கண்ணாடியையும் கண்டனர். இவர்கள் நம்மைக் கைவிட்டுவிட்டனர் என்று வருந்தியோர் உண்டு.

2023 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 'ஸ்ஃபியர்' என்னும் கோள வடிவ மாபெரும் அரங்கம் இக்குழுவின் நிகழ்ச்சியோடு திறக்கப்பட்டது. 2024 மார்ச் 2 வரை 40 இரவுகள் பாடினர். பல நாடுகளினின்றும் மக்கள் திருப்பயணம் போல் சென்றனர். அவர்கள் கேட்க விரும்பிச் சென்ற பழைய மாட்சி எது? 1991இல் சரிவு எனச் சிலரால் பழிக்கப்பட்ட அதே 'அக்டுங் பேபி' தொகுப்புதான். இரண்டாம் ஆலயம் என்று அழப்பட்டது முப்பது ஆண்டுகளில் முதல் ஆலயமாகிவிட்டது! அன்று நாம் உதிர்த்த கண்ணீரைக் காலம் இவ்வாறு விசாரித்துத் தீர்ப்பிடும் என்றால், இன்று உதிர்க்கும் கண்ணீரைப் பற்றியும் சற்று அடக்கம் வேண்டாமா?

இத்தகைய பழிப்பின் உச்சத்தை வேறொரு கலைஞர் சந்தித்தார். 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், சாதாரணக் கித்தாரை வைத்துவிட்டு மின்கித்தாரை ஏந்திய பாப் டிலனை நோக்கிக் கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தினார். கிறிஸ்தவர்கள் எளிதில் நாவில் கொணராத பெயர் அது. காட்டிக்கொடுத்தல் நிகழ வேண்டுமானால் அதற்கு முன் ஓர் உடன்படிக்கை இருந்திருக்க வேண்டும். பாடகன் இரசிகனுக்கு என்ன வாக்களித்தான்? தன் கருவியை மாற்றமாட்டேன் என்றா? தன் வாழ்நாள் முழுதும் 24 வயதிலேயே நின்றுவிடுவேன் என்றா? அரைகுறையானதை முழுமையானது என்று விற்காத நேர்மையை அவன் நமக்குக் கடன்பட்டிருக்கிறான். நம் இளமையைத் திருப்பித் தரும் கடன் அவனுக்கு இல்லை.

அவ்வாறானால், கலைஞன் மாறிக்கொண்டே இருந்தால் போதும், அதுவே நலம் என்று கொள்ளலாமா? தாலந்து உவமை நமக்கு வழிகாட்டுகிறது. மூன்றாம் பணியாளன் எதையும் திருடவில்லை, எதையும் இழக்கவுமில்லை. பெற்றதைப் பெற்றவாறே, ஒரு துளியும் மாறாமல், மண்ணிலிருந்து தோண்டியெடுத்துத் திருப்பித் தந்தான். தண்டனை பெற்றவன் அவன்தான். 'பழையபடியே பாடு' என்று கலைஞனைக் கட்டாயப்படுத்தும் இரசிகன், தாலந்தைப் புதைத்துவை என்றே அவனிடம் சொல்கிறான். ஆனால் மற்ற இருவரும் தாலந்தை வீசியெறிந்துவிட்டு வேறொன்றைத் தேடிப் போகவில்லை என்பதையும் காண்க. பெற்ற அதே தாலந்தைக் கொண்டே வாணிகம் செய்தனர்.

பழையதைப் புதியதாக்கும் இவ்வாணிகத்துக்குத் தமிழர் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இக்குழுவின் பிற்காலத்திலேயே இருக்கிறது. 2019இல் அவர்கள் ஏ.ஆர். ரகுமானுடன் இணைந்து 'அகிம்சை' என்னும் பாடலை வெளியிட்டனர். தீங்கு செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்துவிடச் சொல்லும் வள்ளுவரின் வாக்கோடு அது தொடங்குகிறது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று மும்பையில் 'ஜோஷுவா ட்ரீ' நினைவுப் பயணத்தின் இறுதி நிகழ்ச்சியில் அப்பாடலும் ஒலித்தது. அது அவர்களின் தலைசிறந்த பாடல் என்று எவரும் வாதிடார், நாமும் வாதிடவில்லை. ஆனால் அறுபது வயதை நெருங்கிய அயர்லாந்து நாட்டினர், தமக்குத் தெரியாத ஒரு மொழியின் தொன்மையான அறத்திற்குத் தம் பாடலின் முற்றத்தில் முதலிடம் தந்தது கற்றுக்கொள்ளும் மனத்தின் அடையாளம். குறளுக்கு உரை கண்ட பதின்மருள் காலத்தால் பிற்பட்டவராகக் கருதப்படும் பரிமேலழகரே முதன்மையாகப் போற்றப்படுவதும் ஈண்டு எண்ணத்தக்கது. பிந்தியது எல்லாம் தேய்ந்தது என்று நம் மரபும் சொல்லவில்லை.

இனி, இக்குழு மிகுதியாகப் பழிக்கப்பட்ட நிகழ்ச்சிக்கு வருவோம். 2014 செப்டம்பரில் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்' என்னும் புதிய தொகுப்பை ஆப்பிள் நிறுவனத்தின் வழியாக ஏறத்தாழ 50 கோடிப் பேரின் இசைக்கணக்கில் இலவசமாக, அவர்கள் கேளாமலேயே, சேர்த்தனர். நன்றியை எதிர்பார்த்தவர்க்குச் சினமே கிடைத்தது. வேண்டாதவர் அதை நீக்கிக்கொள்ள நிறுவனம் தனி வழி செய்துதர வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே போனோ வருத்தம் தெரிவித்தார். தற்பெருமையும் தாராள மனமும் அதில் கலந்திருந்ததாக ஒப்புக்கொண்ட அவர், உயிரைக் கொடுத்து உருவாக்கிய பாடல்கள் எவர் செவியிலும் விழாமலே போய்விடுமோ என்ற அச்சமும் தங்களுக்கு இருந்ததாகச் சொன்னார்.

இங்கே பிழை இருக்கிறது. கொடை என்பது கதவைத் தட்ட வேண்டும், உடைத்துக்கொண்டு நுழையக்கூடாது. திருவெளிப்பாட்டு நூலில் ஆண்டவரே வாசலில் நின்று தட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆயினும் அந்த அச்சத்தைப் பற்றிக் கேட்டபோது நம் சினம் தணிந்துவிட்டது. கோடிக்கணக்கானோர் கேட்ட குரலுக்கே இனி எவரும் கேளாரோ என்ற அச்சம் வரும் என்றால், நம் வீட்டுத் திண்ணையில், சொன்ன கதையையே மீண்டும் சொல்லிக்கொண்டிருக்கும் முதிய தந்தையின் அச்சம் எத்தகையது? மகன் எழுந்து போய்விடுகிறான். 'அப்பா முன்போல் இல்லை' என்கிறான். உண்மைதான், முன்போல் இல்லை. ஆனால் அவ்வுண்மையைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம்?

இதே சொல்லை நாமும் கேட்டிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், முதன்முதலில் பணியாற்றிய பங்குக்குத் திருவிழாத் திருப்பலிக்காகச் சென்றிருந்தோம். திருப்பலி முடிந்ததும் முதிய அன்னை ஒருவர் அருகில் வந்து கையைப் பற்றிக்கொண்டு, "சாமி, முன்னெல்லாம் நீங்க பிரசங்கம் வச்சா வீட்டுக்குப் போயும் மனசுல நிக்கும். இப்ப அப்படி இல்லியே சாமி" என்றார். சுருக்கென்று தைத்தது. அவர்க்கு வயதாகிவிட்டது, செவி மந்தமாகியிருக்கும் என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அறைக்குத் திரும்பியதும் பழைய மறையுரைக் குறிப்பேடுகளைத் தேடி எடுத்துப் படித்தோம். உள்ளபடியே சொன்னால், அவை அவ்வளவு சிறப்பாக இல்லை. குருமட நூல்களில் இரவல் வாங்கிய சொற்றொடர்கள், எவர்க்கும் புரியாத கிரேக்கச் சொல் விளக்கங்கள், தேவைக்கு மேற்பட்ட அடுக்குமொழி. பொருளாழத்தில் இன்றைய மறையுரை மேல் என்றே தோன்றியது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதிய பெயர்கள் இருந்தன. மகனைக் கடலில் இழந்த தாய், வேலையற்றுத் திரிந்த இளைஞன், குடியை விட முயன்றுகொண்டிருந்த ஒருவர். சனிக்கிழமை இரவுகளில் அப்பெயர்களை முன்னே வைத்துக்கொண்டு, இவர்க்கு நாளை என்ன சொல்வது என்று எண்ணி எழுதியிருக்கிறோம். அண்மைக் காலத்துக் குறிப்புகளின் ஓரங்கள் வெறுமையாய் இருந்தன. அந்த அன்னை சொன்னது சரிதான். குறைந்துவிட்டது, ஆனால் குறைந்தது திறமையன்று.

எபேசு நகரத் திருச்சபைக்கு எழுதப்பட்ட கடிதம் அப்போதுதான் நமக்கு விளங்கியது (திருவெளிப்பாடு 2). அச்சபை உழைத்தது, பொறுமை காத்தது, சோர்ந்துபோகவில்லை என்றெல்லாம் ஆண்டவர் பாராட்டுகிறார். ஆயினும் தொடக்கத்தில் கொண்டிருந்த அன்பைக் கைவிட்டுவிட்டாய் என்பதே அவர் கூறும் ஒரே குறை. அதற்கு மருந்தாக அவர் இளமையைத் திரும்பக் கேட்கவில்லை. எவராலும் தர இயலாத ஒன்றை அவர் கேட்பதில்லை. அன்பைக் கேட்கிறார், அந்த அன்பினின்று பிறக்கும் செயல்களைக் கேட்கிறார். இளமை போனால் வாராது. முதல் அன்போ எந்த வயதிலும் மீளக்கூடியது.

'முன்போல் இல்லை' என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன என்று இப்போது சொல்லலாம். ஒன்று, பாங்கு மாறியிருக்கலாம். பெர்லினில் நிகழ்ந்தது அது. அதற்கு நாம் தர வேண்டியது பொறுமை. மற்றொன்று, ஆற்றல் குறைந்திருக்கலாம். 1976இல் அறிவிப்புத் தாளை ஒட்டிய அதே லாரி மல்லன், அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேற வேண்டியிருந்ததால் லாஸ் வேகஸ் நிகழ்ச்சிகளில் வாசிக்க இயலவில்லை. அவரிடத்தில் வேறொருவர் அமர்ந்தார். 2023இல் தங்கள் பழைய பாடல்கள் நாற்பதை மீண்டும் தாழ்ந்த குரலில் பாடி 'சாங்ஸ் ஆஃப் சரண்டர்' என வெளியிட்டபோது, பழைய உச்சத்தாயி பல இடங்களில் இல்லை. தசையும் நரம்பும் தளர்வது பாவமன்று. அதற்கு நாம் தர வேண்டியது இரக்கம். மூன்றாவது, அன்பு குறைந்திருக்கலாம். கேட்பவரை மறந்து, நாள்காட்டிக்காகவும் நற்பெயருக்காகவும் மட்டும் செய்யும் வேலை அது. இம்மூன்றாவது மட்டுமே அறநெறிப்படி சரிவு எனத்தக்கது. அதற்கு நாம் தர வேண்டியது, கையைப் பற்றிக்கொண்டு சொல்லும் உண்மை.

ஒரு தொகுப்பைக் கேட்டு இம்மூன்றுள் எது என்று பிரித்தறிவது எளிதன்று. ஒரு முறை கேட்டுச் சொல்லிவிடவும் இயலாது. மேலும், அன்பு குறைந்ததா என்னும் வினாவைப் பாடுபவரிடம் மட்டும் கேட்டால் போதாது. நாடா தேயும் வரை கேட்ட அந்தக் குருமட மாணவனின் அன்பு நம்மிடம் இன்னும் இருக்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும். இக்கட்டுரையை எழுதும் முன், எடுத்துவைத்திருந்த பிற்காலத் தொகுப்புகளை, வேறு வேலை செய்யாமல் அமர்ந்து, பலமுறை கேட்டோம். சிலவற்றைப் பற்றிய நம் கருத்து மாறவில்லை. சிலவற்றைப் பற்றி மாறிற்று. இளமையில் விளங்காதிருந்த இழப்பையும் மன்னிப்பையும் பற்றி அந்த முதிர்ந்த குரல் பேசுகையில், இப்போது நமக்கும் அது பற்றித் தெரிந்திருந்தது.

எருசலேமுக்குத் திரும்புவோம். அழுத முதியோரை நோக்கி இறைவாக்கினர் ஆகாய் பேசினார். இந்த இல்லத்தின் முந்தைய மாட்சியைக் கண்டவர் உங்களுள் யார், இப்போது இது உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லாததாய்த் தோன்றுகிறது அன்றோ என்று கேட்டார். அவர்களின் கண்ணீரை அவர் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அழுதுகொண்டே இருக்கவும் விடவில்லை. துணிவு கொள்ளுங்கள், வேலையைத் தொடருங்கள், பிந்தைய மாட்சி முந்தையதைவிட மேலோங்கும் என்றார்.

நூற்றாண்டுகள் கடந்தன. அந்த இரண்டாம் ஆலயத்தில் உடன்படிக்கைப் பேழை இல்லை. சாலமோன் காலத்து மேகம் இறங்கி வந்ததாக எவரும் எழுதவில்லை. ஆனால் ஒருநாள் ஏழைத் தம்பதியர் இருவர் இரு புறாக்களோடும் நாற்பது நாள் குழந்தையோடும் அதன் வாசலில் நுழைந்தனர். கூட்டத்தில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்குழந்தையை அடையாளம் கண்டவர்கள் இருவர். முதியவர் சிமியோனும், 84 வயதுக் கைம்பெண் அன்னாவும். பழையதை நன்கறிந்த முதிய கண்களே புதியதை முதலில் கண்டுகொண்டன. சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டார்.